சின்கோனா மரமும் சீர்கெட்ட நாடியும்

வால்பாறைப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் ‘சின்கோனா’ என்று பெயர் எழுதிய பேருந்து ஒன்று வரும். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த சுற்றுலாப் பயணிகள் அது யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஒரு மரத்தின் பெயர். காய்ச்சலுக்கு நம் பெரியவர்கள் சாப்பிட்ட ‘கொய்னா’ அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது.

அதே பட்டையிலிருந்து இன்னொரு மருந்தும் வந்தது. தாறுமாறாக அடிக்கும் இதயத்தைச் சீராக்க உலகம் முதன்முதலில் நம்பிய மாத்திரைகளில் அது ஒன்று. அந்த மாத்திரையை என் தாயாருக்கு என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அந்த மருந்தின் வரலாற்றையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் நம் சங்க மலரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் மருத்துவன் அல்லன், ஓய்வுபெற்ற மருந்தாளுநன். ஆகவே இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாமல் வரலாறாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மரம் மலையேறிய கதை

சின்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மரம். அதன் பட்டையிலிருந்து பெல்லெட்டியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு மருந்தாளுநர்கள் 1820-ல் கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியா இருந்த நாடுகளையெல்லாம் ஆண்ட ஐரோப்பியர்களுக்கு அதன்பின் அந்த மரம் சொந்தமாக வேண்டியிருந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் விதைகளையும் நாற்றுகளையும் நீலகிரிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். உதகையில் மக்ஐவர் என்ற தோட்டக்கலை அதிகாரி அவற்றை வளர்த்தார். பட்டையை உரித்த இடத்தில் ஈரப்பாசியைக் கட்டிவைத்தால் புதுப்பட்டை வளரும் என்று கண்டவர் அவர். நடுவட்டத்தில் தோட்டமும் தொழிற்சாலையும் வந்தன.

நீலகிரியோடு அது நிற்கவில்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இன்று மூணாறு என்றால் தேயிலை என்கிறோம். ஆனால் தொடக்கத்தில் துரைமார் அங்கே காப்பி, சின்கோனா, சைசல் கற்றாழை என்று பலவற்றையும் நட்டுப் பார்த்தார்கள். பார்வதி எஸ்டேட்டில் 1880-ல் ஷார்ப் என்பவர் தேயிலையும் நட்டார். இலங்கையில் காப்பிச்செடிக்கு இலைநோய் வந்தபோது தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்கு மாறினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டதால் 1880களில் பட்டை விலை சரிந்தது. அதோடு டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்த இனத்தில் கொய்னா அளவு மிக அதிகம். அந்த இனத்தின் விதையைப் பொலிவியாவில் சேகரித்துக் கொடுத்த மானுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர், பிறகு அந்தக் குற்றத்துக்காகவே சிறையில் அடிபட்டு இறந்தார். மருந்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட பெயர்களை யாரும் தங்கப் பலகையில் பொறிப்பதில்லை.

மூணாற்றில் சின்கோனா போய்த் தேயிலை நிலைத்தது. ஆனைமலையிலோ, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை அரசு புதிதாகவே சின்கோனாத் தோட்டம் போட்டது. அதன் நினைவுதான் வால்பாறைப் பேருந்தின் பெயர்ப்பலகை. இந்த மலைத்தொடரின் ஒரு பக்கம் பாலக்காட்டுப் பறம்பிக்குளம், இன்னொரு பக்கம் இடுக்கியின் மூணாறும் மறையூரும். மாநில எல்லை மலையை இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் போடியிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணிகளோடு ஏறிவந்த சனங்களின் பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

என் தகப்பனார் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர். 1941-ல் மூணாற்றுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தார். மறு வருடமே ஜப்பான் ஜாவாவைப் பிடித்துவிட்டது. உலகத்துக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்த காலம் அது. “யுத்த காலத்துல கொய்னாவைத் தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுத்துக் குடுத்தோம் தம்பி. ஒரு பொடி கீழே சிந்தினா டாக்டர் முகம் மாறிரும்” என்பார். யாருக்கு என்ன மருந்து, எத்தனை வேளை, காய்ச்சல் எந்த நாள் விட்டது, விடாமல் போனவர் யார் என்று நீளமான நோட்டு ஒன்றில் எழுதிவைப்பார். “கணக்கு எழுதாத மருந்து பாதி மருந்து” என்பது அவர் வாய்ப்பாடு. அந்த வார்த்தையின் ஆழம் எனக்கு விளங்க ரொம்ப வருடம் ஆயிற்று.

நான்கு சரக்கும் ஒரு சோதனையும்

சின்கோனாப் பட்டையில் கொய்னா மட்டும் இல்லை. குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று இன்னும் மூன்று சரக்குகள் உண்டு. கொய்னாவும் குவினிடினும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் மாதிரி: அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. 1860களில் கொய்னா விலை அதிகம். மற்ற மூன்றும் மலிவு. மலிவான சரக்கும் காய்ச்சலைக் குணப்படுத்துமா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்காகச் சென்னை உள்ளிட்ட இந்திய மாகாணங்களில் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1866 முதல் 1868 வரை சுமார் 3600 காய்ச்சல்காரர்களுக்கு இந்த நான்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கிலும் 98 சதவிகிதத்துக்கு மேல் காய்ச்சல் நின்றது. ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு வைத்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த உலகின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று நம் மண்ணில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதில் படுத்துக் கிடந்தவர்களின் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது என்பதில் வருத்தமும் உண்டு.

காய்ச்சல் மருந்து இதயத்துக்குப் போன விதம்

சின்கோனாப் பட்டை படபடப்பைத் தணிக்கும் என்று செனாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1749-லேயே எழுதியிருந்தார். ஆனால் அதை மருத்துவ உலகம் மறந்துபோயிற்று. மறுபடி நினைவூட்டியவர் ஒரு நோயாளி. 1912-ல் வெங்கபாக் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வணிகர் போனார். அவருக்கு நாடி அடிக்கடி தாறுமாறாக ஓடும். அதை நிறுத்த மருந்தில்லை என்றார் மருத்துவர். “தொழிலில் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இதயத்தை ஒழுங்காக்கத் தெரியாவிட்டால் இதய நிபுணர்கள் எதற்கு?” என்ற பொருளில் வணிகர் கேட்டாராம். கொய்னா சாப்பிட்டால் தம் நாடி சீராகும் என்பதை அவரே கண்டுவைத்திருந்தார். மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து காட்டியும்விட்டார்!

வெங்கபாக் இதை மறைக்காமல் 1914-ல் நூலில் எழுதினார். 1918-ல் ஜெர்மனியில் வால்டர் ஃப்ரை என்பவர் கொய்னா, சின்கோனின், குவினிடின் மூன்றையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார். காய்ச்சலில் நான்கும் ஏறக்குறைய சமம் என்று கண்டோமல்லவா? இதயத்தில் அப்படி இல்லை. குவினிடின்தான் முந்திக்கொண்டது, அதைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாடி சீரானது. அன்றிலிருந்து 60, 70 வருடம் குவினிடின் ஒரு பெரிய மருந்தாக இருந்தது.

இங்கே நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் காலையில் சங்கு ஊதினால் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி, பேர் கொடுத்து, அணியாக மலைக்குப் போவார்கள். இதயத்தின் மேலறையிலும் அப்படிச் சங்கு ஊதும் இடம் ஒன்று உண்டு. அது ஊதினால் மேலறை சுருங்கும், பிறகு கீழறை சுருங்கும். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற நோயில் மேலறையின் மூலைக்கு மூலை ஆளாளுக்குச் சங்கு ஊதுவார்கள். மேலறை சுருங்காமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்கும். அதில் சில கீழே இறங்கி, கீழறையைத் தாறுமாறாக ஓட்டும். அதுதான் கையில் தெரியும் சீர்கெட்ட நாடி.

கையில் தெரியாத ஆபத்து இன்னொன்று. சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கும்; தேங்கினால் உறையும்; உறைந்த கட்டி புறப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இந்த நோயும் சேர்ந்தால் சுமார் 17 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆய்வு கணக்கிட்டது.

ஆகவே மருந்துகளின் வேலை மூன்று வகை. ஓட்டத்தின் வேகத்தைக் குறைப்பது முதல் வகை: வில்லியம் விதரிங் 1785-ல் நூலாக எழுதிய டிஜிட்டாலிஸ் செடியின் வழிவந்த டிஜாக்சின், பீட்டா தடுப்பான்கள், வெராப்பமில் முதலியவை. ஒழுங்கையே மீட்பது இரண்டாம் வகை: குவினிடின், ஃப்ளெகய்னைடு, சோட்டலால், அமியோடரோன். ரத்தம் உறையாமல் காப்பது மூன்றாம் வகை: வார்ஃபரினும் அதன் உறவினர்களும், இப்போது வந்திருக்கும் புதிய மாத்திரைகளும். முதல் இரண்டின் பலன் நாடியிலும் இ.சி.ஜி.யிலும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதின் பலன் தெரியவே தெரியாது. வராமல் போன பக்கவாதத்தை யார் பார்க்க முடியும்?

எங்கள் வீட்டில் நடந்தது

தகப்பனார் ஓய்வுபெற்றபின் பெற்றோர் மறையூரில் சிறுவீடு கட்டிக் குடியிருந்தார்கள். நான் பாலக்காட்டில் வேலையில் இருந்தேன். 1991 மழைக்காலத்தில் அம்மாவுக்குப் படபடப்பு வந்தது. “நெஞ்சுக்குள்ள ஒரு கோழிக்குஞ்சு கிடந்து அடிக்கிற மாதிரி இருக்குடா” என்றாள். அப்போது அவளுக்கு 60 வயது. சிறுபிள்ளையில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுத்திருந்தாள் என்பது தெரிந்த கதைதான். அந்தக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது.

உடுமலை வழியாகக் கோவைக்கு அழைத்துப்போய்ப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். டிஜாக்சின் கொடுத்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு குவினிடினும் கொடுத்தார்கள். குவினிடின் சேர்ந்தால் ரத்தத்தில் டிஜாக்சின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது 1978-ல் கண்டறியப்பட்ட விஷயம். அதற்கேற்ப அளவைப் பாதியாக்கினார்கள். ரத்தம் உறையாமலிருக்க மூன்றாவது ஒரு மாத்திரையும் உண்டு. அது விஷமும் மருந்துமான சரக்கு. கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஆகவே மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

குவினிடின் வேலை செய்தது. ஒரு வாரத்தில் அம்மாவின் நாடி கடிகாரம் போல ஆயிற்று. தகப்பனார் தம் பழைய பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, “ஒரு தட்டு தப்பலை” என்று சொல்லிச் சிரித்தார். வீடே பழனிக்கு நேர்ந்துகொண்டது.

ஒன்றரை வருடம் மாதாமாதம் மறையூரிலிருந்து கோவைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தாள். சின்னாறு காட்டுப் பாதை, வளைவு வளைவாக வாந்தி, ஒரு நாள் முழுக்கப் பஸ். “நாடிதான் நேராயிருச்சே, இன்னும் இந்த ரத்தம் குத்துறது எதுக்குடா?” என்று கேட்டாள். மருந்து படித்த மகன் நான்தான். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், சீராக இருந்தது. “சரிம்மா, இந்த ஒண்ணை மட்டும் நிறுத்திப் பாக்கலாம்” என்றேன். டாக்டரைக் கேட்கவில்லை. மீதி மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்தோம். 1993 மார்ச்சில் ஒரு விடியற்காலை அம்மாவின் வலக்கையும் வாயும் இழுத்துக்கொண்டன. அதன்பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தாள். அதிகம் பேச வரவில்லை. என் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள்.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

நான் செய்த தவறுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது: நாடி சீரானால் ஆபத்து போய்விட்டது என்ற நம்பிக்கை. படித்தவர்கள், உலகப் புகழ்பெற்ற நிபுணர்கள்கூட அந்த நம்பிக்கையில்தான் இருந்தார்கள் என்பதைப் பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் இ.சி.ஜி.யில் இடையிடையே தப்புத் துடிப்புகள் தெரிவதுண்டு. அவை அதிகமானால் திடீர் மரணத்தின் ஆபத்தும் அதிகம். ஆகவே தப்புத் துடிப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் மரணம் குறையும் என்று எல்லாரும் எண்ணினார்கள். அமெரிக்காவில் ‘காஸ்ட்’ என்ற சோதனையில் அதைச் சரிபார்த்தார்கள். யாருக்கு மருந்து துடிப்பை நன்றாக அடக்கியதோ அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு என்கய்னைடு அல்லது ஃப்ளெகய்னைடு, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. 1989-ல் சோதனையின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. 1991-ல் வெளியான கணக்கு இது: மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், மாவு மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். இ.சி.ஜி. அழகானது, ஆட்கள் போய்விட்டார்கள்.

எங்கள் குவினிடினும் தப்பவில்லை. அது சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தை நீட்டி, கீழறையையே நடுங்கவைத்து மயக்கம் போட வைக்கும் என்பது 1964-லேயே தெளிவாகிவிட்டது. 1990-ல் ஆறு சோதனைகளைச் சேர்த்து, மொத்தம் 808 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் குவினிடின் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நாடி சீராக இருந்தது. சாப்பிடாதவர்களில் கால்வாசிப் பேருக்கு. கெட்டிக்கார மருந்துதான். ஆனால் இறந்தவர்கள்? சாப்பிட்டவர்களில் 2.9 சதவிகிதம், சாப்பிடாதவர்களில் 0.8 சதவிகிதம்.

2002 டிசம்பரில் ‘அஃபர்ம்’ சோதனையின் முடிவு வந்தபோது நான் மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து அதன் சுருக்கத்தைப் படித்தேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 4060 பேர். ஒரு பகுதியினருக்கு ஒழுங்கை மீட்கும் மருந்து, பெரும்பாலும் அமியோடரோன், சோட்டலால் போன்றவை. மறு பகுதியினருக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்து மட்டும். ஐந்து வருடத்தில் முதல் பகுதியில் 23.8 சதவிகிதம் பேரும், இரண்டாம் பகுதியில் 21.3 சதவிகிதம் பேரும் இறந்திருந்தார்கள். ஒழுங்கை மீட்டதால் உயிர் கூடவில்லை. அதற்கு அடுத்த வரியில்தான் என் கை நின்றது. இரண்டு பகுதியிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது போதாத அளவில் சாப்பிட்டவர்கள். நாடி சீராகிவிட்டது என்பது அதை நிறுத்தக் காரணம் ஆகாது. அந்தச் சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு என் அம்மாவைப் போன்ற வால்வு நோய்கூடக் கிடையாது. அவளுக்கு அந்த விதி இன்னும் பல மடங்கு பொருந்தும்.

அன்றைக்குத்தான் தகப்பனாரின் நோட்டு எனக்கு விளங்கியது. அவர் காய்ச்சல் தணிந்ததை மட்டும் எழுதவில்லை. ஆள் வேலைக்குத் திரும்பினாரா, இல்லையா என்றும் எழுதினார். நான் நாடியை எண்ணினேன். ஆளை எண்ணவில்லை.

இன்றைய நிலை

வரலாறு 2002-ல் நின்றுவிடவில்லை. 2020-ல் வெளியான ஐரோப்பிய ‘ஈஸ்ட்’ சோதனையில் நோய் கண்டு ஒரு வருடத்துக்குள் இருந்த 2789 பேரைச் சேர்த்தார்கள். ஆரம்பத்திலேயே ஒழுங்கை மீட்கும் சிகிச்சை கொடுத்தவர்களுக்கு மரணமும் பக்கவாதமும் இதயச் சிக்கலும் குறைந்தன: வருடத்துக்கு 100 பேரில் 5.0 என்பது 3.9 ஆயிற்று. ஆகவே ஒழுங்கை மீட்பது வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சரியான மருந்து, சரியான ஆள், சரியான காலம் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் 10-க்கு 9 பேர் ரத்தம் உறையாத மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த மாத்திரையிலும் ஒப்பீடு நடந்திருக்கிறது. மாதாமாதம் ரத்தம் குத்தாமலே சாப்பிடக்கூடிய புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. வால்வு நோய் இல்லாத பலருக்கு அவை பெரிய வரம். அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் அதுவே வசதி என்று நினைத்திருப்பேன். ஆனால் 2022-ல் வெளியான ‘இன்விக்டஸ்’ சோதனை வேறு மாதிரிச் சொல்லிற்று. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில், ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 4531 பேரின் கணக்கு அது. புதிய ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களில் 552 பேரும், வார்ஃபரின் வகையைச் சாப்பிட்டவர்களில் 442 பேரும் இறந்தார்கள். இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு. பழைய மாத்திரையே ஜெயித்தது. வசதி என்பது வேறு, காப்பது வேறு.

இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. கேரளத்தில் 2016-17-ல் 53 மருத்துவமனைகள் சேர்ந்து 3421 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளைப் பதிவு செய்தன. அவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களுக்கு வால்வு நோய் சம்பந்தப்பட்டிருந்தது. பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட ருமாட்டிக் காய்ச்சல், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த நம் தலைமுறைகளின் இதயத்தில் இன்னும் தழும்பாக இருக்கிறது.

குவினிடின் என்ன ஆயிற்று? 2013-ல் 131 நாடுகளில் விசாரித்தபோது 19 நாடுகளில் மட்டுமே அது எளிதாகக் கிடைத்தது. 1992-ல் விவரிக்கப்பட்ட புருகாடா என்ற பிறவி இதய நோயில் சிலருக்கு உயிர் காக்கும் மாத்திரை அதுதான். விலை மலிவு, லாபம் இல்லை. அதனால் தயாரிக்க ஆளில்லை. சின்கோனா வழிவந்த இன்னொரு உறவினரை 2020 கொரோனா காலத்தில் எல்லாரும் தேடினோம். கொய்னாவைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த வம்சத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுவின்தான் அது. கடைக்குக் கடை அலைந்தோம். பிரிட்டனில் ‘ரெகவரி’ சோதனையில் எண்ணிப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் 27 சதவிகிதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 25 சதவிகிதம். பலன் இல்லை. 1866-ல் இந்திய மாகாணங்களில் எண்ணிப் பார்த்த அதே வழிதான் 2020-லும் நம்மைக் காப்பாற்றியது.

நம் குடும்பங்களுக்கு

மாநிலம் விட்டு வந்து பிழைக்கும் நம் வீடுகளில் வயதான பெற்றோர் ஒரு ஊரிலும் மருந்துச் சீட்டு ஒரு ஊரிலும் பிள்ளைகள் ஒரு ஊரிலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. போனில் “எப்படி இருக்கே?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதில்தான் வரும். ஆகவே மூன்று விஷயங்களை மட்டும் உரிமையோடு சொல்கிறேன்.

ஒவ்வொரு மாத்திரையும் எந்த வேலைக்கு, அதாவது வேகத்துக்கா, ஒழுங்குக்கா, உறையாமலிருக்கவா என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிவையுங்கள். உடம்பு நன்றாகிவிட்டது என்பதற்காக எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனைக்குப் போகும் தூரம்தான் தடை என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் ரத்தம் எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் எங்களுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டைவலியோடு மூட்டுவலிக் காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். அதை ஆரம்பத்திலேயே பென்சிலின் ஊசியால் தடுத்தால் வால்வுக்குச் சேதமே வராமல் காக்கலாம்.

போன வருடம் வால்பாறை போயிருந்தேன். சின்கோனா போகும் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் தேயிலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது எதுக்குன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வகை. “இதை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்கம்மா” என்றேன். “டாக்டரும் அதையேதான் சொன்னாரு” என்று சொல்லி, பட்டையைச் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.